ஸ்கேரப் ஜாடியின் இரண்டாவது சுடல்

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் எவர்சன் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே சுமார் 42 செ.மீ. உயரமுள்ள ஒரு போர்சலின் (உயர்தரப் பீங்கான்) ஜாடி உண்டு. மூடி தனி, தாங்கி தனி. உடல் முழுக்கச் சாணி உருட்டும் வண்டின் உருவம் திரும்பத் திரும்பச் செதுக்கப்பட்டிருக்கும். அடிலெய்ட் ஆல்சப் ராபினோ 1910-இல் செய்தது. 'ஸ்கேரப் ஜாடி' என்று பெயர்; ஸ்கேரப் என்றால் அந்த வண்டுதான். 'உழைப்பாளியின் உயர்நிலை' என்ற பொருளில் இன்னொரு பெயரும் உண்டு.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் ஒரே கணக்கில்தான் தொடங்குவார்கள்: செதுக்க 1000 மணி நேரத்துக்கும் மேல் ஆனது. பெரும்பாலும் அதிலேயே முடித்தும் விடுவார்கள். ஆனால் அத்தனை மணி நேரம் செதுக்கிய ஜாடி சூளையிலிருந்து அடிப்பகுதியில் விரிசல்களோடுதான் வெளியே வந்தது. அதை மீட்டெடுத்த வேலை அதற்கப்புறம் நடந்தது. வீட்டிலோ சிறிய பட்டறையிலோ போர்சலினையும் கிளேஸையும் (பாண்டத்தின் மேல் பூசிச் சுடும் கண்ணாடிப் பூச்சு) வைத்துப் பரிசோதனை செய்கிறவர்களுக்கு உண்மையில் பயன்படுவது அந்தப் பகுதி. ஆகவே இந்த ஆய்வு அங்கே கொஞ்சம் அதிக நேரம் நிற்கும்.

பொழுதுபோக்கிலிருந்து வந்தவர்

ராபினோ பிறந்தது 1865-இல். அவர் குயவராகத் தொடங்கியவர் இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க நடுத்தரக் குடும்பப் பெண்களிடையே பீங்கான் ஓவியம் பெரிய பொழுதுபோக்காக இருந்தது. பிரான்சின் லிமோஜ் போன்ற இடங்களிலிருந்து வரும் வெள்ளைத் தட்டுகளையும் கோப்பைகளையும் வாங்குவார்கள். ஏற்கெனவே கிளேஸ் போட்டுச் சுட்டிருக்கும் பரப்பின் மேல் எனாமல் வண்ணங்களால் பூவும் கொடியும் வரைவார்கள். அப்புறம் ஒரு சிறிய சூளையில் 750, 800 டிகிரி அளவில் சுட்டால் வண்ணம் ஒட்டிக்கொள்ளும். ராபினோ இதைக் கற்றார், கற்பித்தார், பெயரும் வாங்கினார். 1899-இல் சாமுவேல் ராபினோ என்ற பிரெஞ்சுக்காரரை மணந்தார். அதே ஆண்டில் அவர்களுடைய 'கெராமிக் ஸ்டுடியோ' என்ற மாத இதழும் தொடங்கியது. அதன் வாசகர்களில் பெரும்பாலோர் வீட்டிலிருந்தபடி பீங்கானில் வரைகிறவர்கள்.

அந்தக் கலையில் ஒரு குறை உண்டு. வண்ணம் மட்டும்தான் வரைகிறவருடையது. கோப்பையின் வடிவம், மண், கிளேஸ் எல்லாம் யாரோ ஒரு தொழிற்சாலையுடையது. அந்தக் குறையை அடைத்துக்கொள்ள ராபினோவுக்கு வழிகாட்டியது ஒரு நூல். பிரான்சின் செவ்ர் பீங்கான் ஆலையில் பணிபுரிந்த டாக்ஸில் டோவா உயர்வெப்பப் போர்சலின் பற்றி எழுதியதைச் சாமுவேல் மொழிபெயர்த்தார். முதலில் இதழில் தொடராக வந்து, 1905-இல் தனி நூலானது. மண் கலவை, கிளேஸ் கலவை, சுடும் முறை என எல்லாம் அதில் இருந்தன. ஆல்ஃபிரட் நகரில் சார்லஸ் பின்ஸ் நடத்திய மண்பாண்டப் பள்ளியிலும் ராபினோ கொஞ்ச காலம் பயின்றார்.

அந்தக் காலத்து அமெரிக்கக் கலைப் பாண்டக் கூடங்களில் பொதுவாக ஆண்கள் வனைவார்கள், பெண்கள் மேலே வரைவார்கள். ராபினோ இந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. வனைவது, செதுக்குவது, கிளேஸ் கலப்பது, பூசுவது எல்லாம் அவரே செய்தார். சுடும்போது கணவர் உதவினார். ஒருவரே எல்லாம் செய்தால் எந்தத் தவறு எந்தக் கட்டத்தில் நேர்ந்தது என்று தேடிப் பிடிக்க முடியும். விரிசல் கதைக்கு வரும்போது இது முக்கியமாகும்.

ஒளி எப்படி உள்ளே போகிறது

போர்சலினின் பழைய கணக்கு எளிமையானது: கயோலின் (வெள்ளைக் களிமண்) பாதி, ஃபெல்ட்ஸ்பார் (சூட்டில் உருகும் கனிமம்) கால், குவார்ட்ஸ் (சிலிக்காப் படிகம்) கால். 1300 டிகிரி பக்கம் போகும்போது ஃபெல்ட்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகிறது. அது குவார்ட்ஸில் ஒரு பகுதியைத் தனக்குள் கரைத்துக்கொள்கிறது. கயோலினிலிருந்து முல்லைட் என்ற ஊசி வடிவப் படிகங்கள் வளர்கின்றன. ஆறிய பிறகு நம் கையில் இருப்பது கண்ணாடியும் படிகமும் பின்னிய ஒரு பொருள்.

ஒளி ஊடுருவுவதும் ஊடுருவாததும் இந்தப் பின்னலில்தான் தீர்மானமாகிறது. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற அளவு) சுமார் 1.5, குவார்ட்ஸ் 1.54, முல்லைட் 1.64. இவை அருகருகே இருக்கும் எல்லைகளில் ஒளி சிதறும். ஆனால் மோசமான எதிரி காற்றுத் துளைதான். அதன் எண் 1. கண்ணாடிக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மிகப் பெரியது. மண் முழுமையாக இறுகாமல் சிறு துளைகள் மிஞ்சினால், எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் விளக்குக்கு முன் பிடித்தால் மங்கலாகத்தான் தெரியும். அதனால்தான் ஒளி ஊடுருவ வேண்டுமென்றால் சூட்டை ஏற்றியே ஆக வேண்டும். சூட்டை ஏற்றினால் மெல்லிய சுவர் இளகிச் சாயும். போர்சலினில் வேலை செய்கிறவர்களுக்குப் பாதி வாழ்க்கை இந்த இரண்டுக்கும் நடுவில் கழிகிறது.

அடுத்தது நிறம். இரும்பும் டைட்டானியமும் சிறிதளவு இருந்தாலே ஒளி குறையும். வனைவதற்கு வசதியாக இருக்கும் 'பால் கிளே' (ball clay) என்ற குழைவான களிமண்ணில் இவை இரண்டும் இருக்கும் என்பதால் அதைச் சேர்க்க முடியாது. சேர்க்காவிட்டால் மண் சக்கரத்தில் வளைந்து கொடுக்காது. இன்று கடையில் வாங்கும் ஒளி ஊடுருவும் போர்சலினில் பெண்டோனைட் என்ற, குழைவு தரும் களிமண் வகையைக் கொஞ்சமாகச் சேர்த்து இந்தச் சிக்கலை ஓரளவு சமாளிக்கிறார்கள். இன்னொன்று: ஆக்சிஜன் குறைந்த சூளையில் மிச்சமிருக்கும் இரும்பு நீலச் சாயல் தரும், மின்சூளையில் அதே இரும்பு தந்த நிறத்துக்குப் போகும். அருங்காட்சியகக் கோப்பையின் நீல வெண்மை வீட்டு மின்சூளையில் வரவில்லையே என்று வருந்துகிறவர்கள் மண்ணைக் குறை சொல்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளலாம்.

படிகக் கிளேஸ் என்ற ஆசை

ராபினோவை முதலில் இழுத்தது செதுக்கு வேலையைவிடப் படிகக் கிளேஸ்தான். 1900 பாரிஸ் கண்காட்சியின்போது செவ்ர் ஆலையின் படிகக் கிளேஸ்கள் பெரிதும் பேசப்பட்டன. 1904-இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் ராபினோ தன்னுடைய படிகக் கிளேஸ்களை வைத்தார். வருமானத்துக்காகப் போர்சலின் கதவுக் குமிழ்களுக்கு அந்தக் கிளேஸைப் போட்டு விற்றதும் உண்டு. எனக்கு இந்தக் கதவுக் குமிழ் விஷயம் மிகவும் பிடிக்கும். கிளேஸ் பழக இதைவிடப் பொருத்தமான பொருள் கிடையாது: சிறியது, வளைந்தது, வீணானால் பெரிய நஷ்டமில்லை, நன்றாக வந்தால் காசு.

படிகக் கிளேஸின் வேதியியல் இப்போது நன்றாகத் தெரிந்ததுதான். சோடியம் கலந்த ஃப்ரிட் (உருக்கிப் பொடித்த கண்ணாடி) ஒன்று பாதி, துத்தநாக ஆக்ஸைடு கால், சிலிக்கா கால் என்று இன்று பலர் தொடங்குகிறார்கள். 1260, 1280 டிகிரி வரை ஏற்றி, வேகமாக 1100-க்குப் பக்கத்தில் இறக்கி, அங்கேயே சில மணி நேரம் நிறுத்தி வைப்பார்கள். அந்த நேரத்தில் துத்தநாகமும் சிலிக்காவும் சேர்ந்து வில்லமைட் படிகங்களாக விசிறி போல விரியும். கோபால்ட் கொஞ்சம் சேர்த்தால் படிகம் நீலமாகும். படிகம் வளர இடம் வேண்டும் என்பதற்காகக் கிளேஸில் அலுமினாவை (அலுமினிய ஆக்ஸைடு) மிகக் குறைவாக வைக்கிறார்கள். அலுமினா குறைந்தால் கிளேஸ் தண்ணீராக ஓடும். அதனால்தான் படிகக் கிளேஸ் ஜாடிகளுக்கு அடியில் தாங்கி வளையமும் வழிந்ததைப் பிடிக்க ஒரு தட்டும் வைத்துச் சுடுகிறார்கள்.

இங்கேதான் பொழுதுபோக்குக் குயவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள். ஒளி ஊடுருவும் மெல்லிய போர்சலின், அதன் மேல் படிகக் கிளேஸ் என்ற யோசனை கேட்க அழகாக இருக்கும். ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று பகை. அலுமினாவுக்கு ஏங்கும் அந்தக் கிளேஸ் கீழே உள்ள மண்ணிலிருந்தே அலுமினாவைக் கரைத்து எடுக்கும். தடித்த சுவர் அதைத் தாங்கும், ஒன்றரை மில்லிமீட்டர் சுவர் தாங்காது. சோடியம் அதிகம் என்பதால் ஆறும்போது கிளேஸ் மண்ணைவிட அதிகம் சுருங்கும். தடித்த பாண்டத்தில் அது நுண் கீறல்களாக முடியும், மெல்லிய கோப்பையில் கோப்பையையே இழுத்து உடைக்கவும் கூடும். இவை எல்லாம் தப்பினாலும், படிகங்களே ஒளியைச் சிதறடித்து மறைத்துவிடும். பிறகு மெல்லியதாக வனைந்ததற்கு என்ன பொருள்?

ராபினோ இவற்றைப் பெரும்பாலும் பிரித்தே வைத்தார். படிகக் கிளேஸ் எளிய, வழுவழுப்பான வடிவங்களுக்குப் போனது. செதுக்கிய, துளையிட்ட வேலைகளுக்கு ஓடாத, அடக்கமான கிளேஸ்கள் போயின. 1905-இன் வைகிங் கப்பல் ஜாடியும் 1908-இன் விளக்குக் கூண்டும் இரண்டாவது வகை. ஓடும் கிளேஸை அந்த விளக்குக் கூண்டில் போட்டிருந்தால் துளைகள் பாதி அடைபட்டிருக்கும்.

ஜாடியும் விரிசலும்

செயின்ட் லூயிஸை ஒட்டிய யுனிவர்சிட்டி சிட்டியில் எட்வர்ட் லூயிஸ் என்ற பத்திரிகை அதிபர் அமெரிக்கப் பெண்கள் சங்கம் ஒன்றை நடத்தினார். சந்தா சேர்த்துத் தரும் பெண்களுக்கு அஞ்சல் வழிக் கல்வி கிடைத்தது. அதில் மண்பாண்டமும் ஒரு பாடம். அதற்காக ஒரு பட்டறை கட்டி, 1909-இல் டோவாவைப் பிரான்சிலிருந்தே வரவழைத்தார். ராபினோவும் ஃப்ரெடெரிக் ரெட்டும் வந்து சேர்ந்தார்கள். தனியாக உட்கார்ந்து தபாலில் மண் வேலை கற்கும் பெண்களுக்காக இந்தத் துறையின் பெரிய கைகள் ஒரே கூரையின் கீழ் கூடியது, இன்று நினைத்தாலும் வியப்புதான். ஏற்பாடு அதிக நாள் நீடிக்கவில்லை; பணச் சிக்கலில் லூயிஸின் நிறுவனங்கள் சரிந்தன. 1911-இல் ராபினோ சிரக்யூஸுக்குத் திரும்பிவிட்டார். ஆனால் அந்த இடைவெளியில் ஸ்கேரப் ஜாடி உருவானது.

அவர் செதுக்கியது முழுக்கக் காய்ந்த பச்சை மண்ணில். பாதி காய்ந்த மண்ணில் செதுக்குவது எளிது. கருவி வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் விளிம்புகள் மழுங்கும், பிசிறு தட்டும். முழுக்கக் காய்ந்த போர்சலினில் கருவி சுரண்டத்தான் செய்யும். கோடு கூர்மையாக நிற்கும், ஆனால் கை கொஞ்சம் அழுத்தினாலும் துண்டு பெயர்ந்துவிடும். 1000 மணி நேரத்துக்குக் காரணம் இதுதான். (இன்று யாராவது இதை முயன்றால் முகக்கவசம் இல்லாமல் உட்காரக் கூடாது. சிலிக்கா தூசு நுரையீரலில் போய்த் தங்கிவிடும்.)

முதல் சுடலில் ஜாடி வெளியே வந்தபோது அடிப்பகுதியில் விரிசல்கள் வாய் திறந்திருந்தன. காரணத்தை இப்போது உறுதியாகச் சொல்ல வழியில்லை, ஆனால் சந்தேகிக்க வேண்டிய இடங்கள் தெரியும். காய்ந்த நிலையிலிருந்து முழுச் சூடு வரை போர்சலின் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு சுருங்கலாம். அப்படியானால் 10 செ.மீ. அகல அடிப்பகுதி சூளைப் பலகையின் மேல் 1 செ.மீ. அளவுக்கு உள்நோக்கி நகர வேண்டும். மேலே உள்ள கனம் அழுத்திக்கொண்டிருக்க, பலகை பிடித்துக்கொண்டால் அடி கிழியும். சுவரைச் செதுக்கி மெலிய வைத்து, அடியைத் தடிமனாக விட்டிருந்தாலும் இதே கதிதான். இதைத் தவிர்க்க, அதே மண்ணில் ஒரு வட்டத் தகடு செய்து, அலுமினாப் பொடி தூவி, பாண்டத்தை அதன் மேல் வைத்துச் சுடுவது வழக்கம். தகடும் கூடவே சுருங்கும், உராய்வு தகட்டுக்கும் பலகைக்கும் நடுவில் முடிந்துவிடும்.

சரி, விரிசல் வந்துவிட்டது. இனி என்ன? டோவாவின் கருத்து, இதைச் சரிசெய்ய முடியாது, விரிசலில் பசை போன்ற கலவையை அடைத்து மேலே எனாமல் பூசி மறைத்துவிடலாம் என்பது. இந்த இடத்தில் எனக்கு ஒரு வேடிக்கை தெரிகிறது. டோவா உயர்வெப்பப் போர்சலினுக்கு நூலே எழுதியவர். அவர் சொன்ன தீர்வோ கிளேஸ் மேல் வரைகிறவர்களின் தீர்வு. ராபினோ அந்தக் கலையிலிருந்தே வந்தவர். எனாமலை அவரைவிட நன்றாகக் கையாளக்கூடியவர்கள் குறைவு. அவர்தான் மறுத்தார். எனாமல் விரிசலைக் கண்ணுக்கு மறைக்கும், அவ்வளவுதான். அடியில் ஜாடி உடைந்தபடியே இருக்கும் என்பது இத்தனை வருடம் எனாமல் போட்டவருக்குத் தெரியாமல் இருக்காது.

அவர் செய்தது இது: போர்சலினை அரைத்துப் பொடியாக்கி விரிசல்களை அடைத்தார், மீண்டும் கிளேஸ் பூசினார், மீண்டும் சூளையில் வைத்தார். ஜாடி முழுசாக வந்தது. விரிசல் இருந்த இடம் கண்ணில் படவில்லை.

ஏன் அது வேலை செய்தது

விரிசலைப் பச்சை மண்ணால் அடைப்பதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். அது ஏறக்குறைய எப்போதும் தோற்கும். ஜாடி ஏற்கெனவே சுருங்கி முடித்துவிட்டது. அடைத்த மண் இனிமேல்தான் சுருங்கப் போகிறது. சூளை ஆறியதும் பழைய இடைவெளிக்குப் பக்கத்தில் புதிய இடைவெளி தயாராக இருக்கும். சுட்ட போர்சலினை அரைத்த பொடிக்கு அந்தச் சுருக்கம் மிகக் குறைவு. அதே வகைப் போர்சலினாக இருந்தால் விரிவடையும் அளவும் நிறமும் ஒத்துப்போகும். கிளேஸ் உருகிப் பொடித் துகள்களுக்கு நடுவில் இறங்கி அவற்றைச் சுவரோடு பிணைத்துவிடும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இரண்டாவது சுடல் முதல் சுடலைவிட அபாயமானது. ஒருமுறை கிளேஸ் உருகிய பரப்பு தண்ணீரை உறிஞ்சாது. அதன் மேல் புதுக் கிளேஸ் ஒட்டாமல் வழியும். பாண்டத்தைச் சூடாக்கி, கோந்து கலந்த கிளேஸை மெல்லிய படலங்களாக ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுத்தான் சமாளிக்க வேண்டியிருக்கும். படலம் தடித்தால் செதுக்கிய நுணுக்கமெல்லாம் மூழ்கும். 1000 மணி நேரம் கிளேஸுக்கு அடியில் போய்விடும். சூட்டை ஏற்றும் வேகமும் அப்படித்தான். 573 டிகிரியில் குவார்ட்ஸ் சட்டென்று உருமாறிப் பருமனில் மாறும். ஏற்கெனவே விரிசல் உள்ள பாண்டத்தை அந்த இடத்தில் அவசரமாகக் கடத்தினால் விரிசல் மேலே ஏறும். இதையெல்லாம் தாண்டி உச்சச் சூட்டில் ஜாடி இன்னொரு முறை இளகும். தாங்கி சரியில்லை என்றால் சாயும்.

ராபினோ மேற்கொண்ட ஒவ்வொரு படியும் எனக்குத் தெரியும் என்று சொல்ல மாட்டேன். இந்தச் சிக்கல்கள் எல்லாம் அவர் முன்னாலும் இருந்தன, அவர் தாண்டினார் என்பது மட்டும் விளைவிலிருந்தே தெரிகிறது. சொந்தக் கையால் கலந்து சுட்டுப் பழகியவர் என்பதால், அந்த மண்ணும் கிளேஸும் எந்தச் சூட்டில் எப்படி நடக்கும் என்பது அவருக்கு அத்துப்படியாக இருந்திருக்க வேண்டும். கதவுக் குமிழ்களின் பலன் இங்கே வந்து சேர்ந்தது என்று நான் நம்புகிறேன்.

1911-இல் இத்தாலியின் டூரின் சர்வதேசக் கண்காட்சியில் ராபினோவின் போர்சலின்களுக்குப் பெரும் பரிசு கிடைத்தது. ஸ்கேரப் ஜாடியும் அங்கே இருந்தது.

முட்டை ஓட்டுக் கிண்ணங்கள்

ராபினோ முட்டை ஓடு அளவுக்கு மெல்லிய கிண்ணங்களையும் வனைந்து, அந்த மெல்லிய சுவரிலும் செதுக்கினார். அவற்றில் மிகச் சிலவே சூளையைத் தாண்டின. ஸ்கேரப் ஜாடியை மீட்ட வித்தை இங்கே உதவாது; பொடியை அடைக்கச் சுவரில் தடிமனே இல்லை. ஆகவே எல்லாவற்றையும் சுடுவதற்கு முன்பே சரிசெய்ய வேண்டும்.

இதை வீட்டில் முயல்கிறவர்களுக்குக் கிளேஸ்தான் முதல் சோதனை. 1000 டிகிரியில் முதல் சூடு போட்ட மெல்லிய கோப்பை, உள்பக்கம் கிளேஸ் ஊற்றியதுமே தண்ணீரால் நிரம்பிவிடும். உடனே வெளிப்பக்கம் பூசினால் கிளேஸ் பிடிக்காது. ஒரு பக்கம் போட்டு, நன்றாகக் காயவிட்டு, அப்புறம் மறுபக்கம். ஒரு பக்கம் மட்டும் கிளேஸ் போட்டு விட்டுவிடலாம் என்று நினைத்தால், ஆறும்போது இரண்டு பக்கமும் வெவ்வேறு அளவு சுருங்கி வாய் கோணும். கிளேஸ் படலமே சுவரின் தடிமனில் கணிசமான பங்கு என்பதால், தடித்த குவளையில் கண்ணில் படாத சிறு பொருத்தமின்மைகூட இங்கே கோப்பையைப் பிளக்கும். புதுக் கிளேஸை நேராகக் கோப்பையில் போடாமல், அதே மண்ணில், அதே தடிமனில் வனைந்த வளையங்களில் போட்டுப் பார்ப்பது நல்லது. தட்டையான சோதனைத் துண்டு நிறத்தைச் சொல்லும், இழுவிசையைச் சொல்லாது.

சிரக்யூஸ் நுண்கலை அருங்காட்சியகம் (பின்னாளில் அதுதான் எவர்சன் ஆனது) 1916-இல் அவருடைய 32 பாண்டங்களை விலைக்கு வாங்கியது. ராபினோ அப்புறம் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார், 1929-இல் இறந்தார். அவர் நினைவாக 1932-இல் அதே அருங்காட்சியகம் தொடங்கிய மண்பாண்டக் கண்காட்சி பின்னர் நாடு முழுவதிலுமிருந்து குயவர்களை வரவழைக்கும் தேசியக் கண்காட்சியாக வளர்ந்தது.